மோக்லியைப் படைத்தவர் தேடிய கூட்டம்... லாகூர் 'ஜாதூ கர்' கதை!

'ஜங்கிள் புக்' படம் பார்க்காத வீடு குறைவு. ஆனால், மூலப் புத்தகத்தில் இருக்கும் ஒரு விஷயம் படம் பார்த்த பலருக்கும் நினைவில் இருக்காது. கரடி பாலு, மோக்லிக்குச் சில ரகசியச் சொற்களைச் சொல்லிக்கொடுக்கும். பறவைகளுக்கு ஒன்று, பாம்புகளுக்கு ஒன்று, வேட்டை விலங்குகளுக்கு ஒன்று. அந்தந்தக் கூட்டத்தின் குரலில் அதைச் சொல்லிவிட்டால் போதும். முன்பின் தெரியாத உயிர்கூட மோக்லியைத் தன் ரத்த சொந்தமாக நினைத்து உதவ வேண்டும். காட்டின் சட்டம் அப்படி. குரங்குகள் அவனைத் தூக்கிக்கொண்டு மரம் மரமாகத் தாவும்போது, மேலே பறக்கும் பருந்தைப் பார்த்து மோக்லி கத்துவது அந்தச் சொல்லைத்தான். பிறகு பாழடைந்த கட்டடத்தில் நாகங்களுக்கு நடுவே விழும்போதும் அதுதான் அவனைக் காப்பாற்றும்.

இந்தக் கதை புத்தகமாக வந்தது 1894-ல். அதற்கு எட்டு வருடங்களுக்கு முன்பே, அதை எழுதிய ரட்யார்ட் கிப்ளிங் அப்படிச் சில சொற்களையும், ஒரு விசேஷமான கைகுலுக்கலையும் லாகூரில் கற்றுக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 20. சேர்ந்த இடம் ஃப்ரீமேசன்களின் லாட்ஜ். இரண்டுக்கும் முடிச்சுப் போடலாமா, வேண்டாமா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

லாட்ஜ் என்றதும் பஸ் ஸ்டாண்ட் எதிரில் ரூம் வாடகைக்குக் கிடைக்கும் இடம் ஞாபகம் வந்தால் தப்பில்லை. இது வேறு லாட்ஜ். ஃப்ரீமேசன்கள் கூடும் சபைக்கும், அது கூடும் இடத்துக்கும் அதுதான் பெயர். யூடியூபில் 'உலகத்தையே ஆட்டிவைக்கும் ரகசியக் குழு' என்று தம்ப்நெயில் போட்டு ஓட்டுகிறார்களே, அதே ஃப்ரீமேசன்கள்தான். ஆனால் கிப்ளிங்கின் கதையில் சதி எதுவும் கிடையாது. தங்குவதற்கு ஒரு கூட்டம் கிடைக்காமல் அலைந்த ஒரு பையன் இருக்கிறான்.

அடிக்குப் பயந்து உயர்ந்த கை

ரட்யார்ட் கிப்ளிங் பிறந்தது மும்பையில், 1865 டிசம்பர் 30 அன்று. அப்பா லாக்வுட் கிப்ளிங், அங்கே கலைப் பள்ளியில் ஆசிரியர். வளர்த்தது ஆயாவும் வேலைக்காரர்களும். அதனால் பையனுக்கு ஆங்கிலத்தைவிட இந்துஸ்தானி நன்றாக வந்தது. பெரியவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பும்போது, 'அப்பா அம்மாகிட்ட இங்கிலீஷ்ல பேசணும்' என்று சொல்லித்தான் அனுப்புவார்களாம்.

அந்தக் காலத்து வெள்ளைக்காரக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. இந்திய வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து, குழந்தைகளைச் சின்ன வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவார்கள். 1871-ல் ஆறு வயதுகூட ஆகாத ரட்யார்டும், மூன்று வயதுத் தங்கை ட்ரிக்ஸும் சவுத்ஸீ என்ற கடலோர ஊரில், பத்திரிகை விளம்பரம் பார்த்துப் பிடித்த ஒரு வீட்டில் விடப்பட்டார்கள். 'விட்டுவிட்டுப் போகப்போகிறோம்' என்று பெற்றோர் குழந்தைகளிடம் சொல்லக்கூட இல்லை.

அடுத்து வந்த ஐந்தரை வருடங்கள் பையனுக்கு நரகம். அடி, நரக நெருப்பு பற்றிய மிரட்டல், தனியறையில் அடைப்பு. கண்பார்வை மங்கிக்கொண்டே போனதை அந்த வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. சரியாகப் படிக்க முடியாமல் மதிப்பெண் குறைந்தது. பயந்துபோய் அதை மறைத்தான். அதற்குத் தண்டனையாக, முதுகில் 'பொய்யன்' என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டுத் தெரு வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். 1877-ல் அம்மா வந்தார். இரவு படுக்கையில் முத்தம் கொடுக்கக் குனிந்தபோது, பையன் சட்டென்று கையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டானாம். குனிந்து வருபவர் அடிக்கத்தான் வருவார் என்று அந்த உடம்புக்குப் பழகிவிட்டது. எழுபது வயதை நெருங்கும்போது எழுதிய தன் வரலாற்றிலும் கிப்ளிங் இதை மறக்கவில்லை.

கிளப்பில் கேட்ட சீழ்க்கை

1882-ல், 17 வயது நிறையும் முன்பே, கிப்ளிங் மறுபடியும் இந்தியாவுக்கு வந்து இறங்கினார். அப்பா அப்போது லாகூர் அருங்காட்சியகத்தின் காப்பாளர். பையனுக்கு 'சிவில் அண்ட் மிலிட்டரி கெஸட்' என்ற ஆங்கில நாளிதழில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது. ஆசிரியர் குழுவே மொத்தம் இரண்டு பேர்தான். ஆசிரியருக்குக் காய்ச்சல் வந்தால் பத்திரிகை முழுவதும் இந்தப் பையன் தலையில். தினமும் பத்து மணி நேரத்துக்குக் குறையாத வேலை.

வேலை முடிந்தால் எங்கே போவது? வெள்ளைக்காரர்களுக்கு என்று இருந்தது பஞ்சாப் கிளப். அதே அதிகாரிகள், அதே வம்பு, அதே சாப்பாடு. 1883-ல் ஒரு நாள் அவர் உள்ளே நுழைந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மொத்தக் கூட்டமும் 'உஸ்ஸ்...' என்று சீழ்க்கை அடித்தது. யாரைப் பார்த்து அடிக்கிறார்கள் என்று புரியாமல் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். 'உங்களைத்தான்' என்று பதில் வந்தது.

காரணம், இல்பர்ட் மசோதா. வெள்ளைக்காரர்கள் மீதான வழக்கை இந்திய நீதிபதிகளும் விசாரிக்கலாம் என்று அரசு கொண்டுவந்த மசோதா அது. 'ஒரு நேட்டிவ் எங்களை விசாரிப்பதா!' என்று இந்தியாவில் இருந்த ஐரோப்பியர்கள் கொதித்தார்கள். முதலில் எதிர்த்த கெஸட் பத்திரிகை, பிறகு அரசுப் பக்கம் சாய்ந்துவிட்டது. கிப்ளிங்குக்கும் உள்ளூர அந்த மசோதா பிடிக்கவில்லை. ஆனாலும் சீழ்க்கை அவருக்குத்தான் விழுந்தது. சொந்தக் கூட்டம் என்று நினைத்த இடமும் எந்த நிமிடம் வேண்டுமானாலும் கைவிடும் என்பதை 17 வயதில் தெரிந்துகொண்டார்.

கோடை வந்தால் நிலைமை இன்னும் மோசம். குடும்பம் சிம்லா மலைக்குப் போய்விடும். அவர் மட்டும் பெரிய வீட்டில் தனியாக. காய்ச்சல், தூக்கமின்மை. இரவெல்லாம் பழைய லாகூர் நகரத்தின் சந்துகளில் நடப்பார். மொட்டை மாடியிலும் தெருவிலும் புழுக்கத்தில் புரண்டுகொண்டிருக்கும் ஜனங்களைப் பார்ப்பார். வசீர் கான் பள்ளிவாசல் மினாரில் ஏறி நின்று நகரத்தைப் பார்த்ததை ஒரு கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். ஊரையே பார்த்தார், சரி. ஆனால் அந்த ஊரில் இந்தியர் ஒருவரோடு சரிசமமாக உட்கார்ந்து பேச அவருக்கு ஓர் இடம் கிடையாது. இந்தியருக்கும் கிடையாது.

கொத்தனார்களின் சங்கம்

மேசன் என்றால் நம்மூர்க் கொத்தனார்தான். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் தேவாலயங்களைக் கட்டிய கல் கொத்தனார்கள், ஊர் ஊராகப் போய் வேலை செய்தவர்கள். அவர்களின் தொழில் கூட்டங்களிலிருந்துதான் இந்த அமைப்பு தன் வழக்கங்களை எடுத்துக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாகத் தொழிலோடு சம்பந்தமே இல்லாத கனவான்கள் சேர ஆரம்பித்தார்கள். 1717-ல் லண்டனில் நான்கு லாட்ஜுகள் சேர்ந்து 'கிராண்ட் லாட்ஜ்' என்ற தலைமைச் சபையை அமைத்தன. கட்டடம் போய்விட்டது, கருவிகள் மட்டும் அடையாளங்களாகத் தங்கிவிட்டன. மூலமட்டம் என்றால் நேர்மை. கவராயம் என்றால் ஆசைக்கு எல்லை போடுவது. மட்டப்பலகை என்றால் எல்லோரும் ஒரே மட்டம். மூலமட்டமும் கவராயமும் கோத்துக்கொண்டு நிற்பதுதான் இன்றும் அவர்கள் சின்னம்.

சேர வேண்டுமானால் ஏதோ ஒரு கடவுள் மேல் நம்பிக்கை இருக்க வேண்டும். எந்தக் கடவுள் என்று கேட்க மாட்டார்கள். சத்தியப் பிரமாணம் அவரவர் வேதத்தின் மேல். லாட்ஜ் நடக்கும்போது மதச் சண்டையும் அரசியலும் பேசக் கூடாது. தொடக்கச் சடங்குதான் கொஞ்சம் நாடகத்தனமாக இருக்கும். புதிதாக வருபவரின் காசு, மோதிரம் என்று உலோகம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கண்ணைக் கட்டி, கழுத்தில் கயிறு போட்டு, ஒரு கால் சட்டையைச் சுருட்டிவிட்டுக் கூட்டிவருவார்கள். கலெக்டரும் சரி, ஸ்டேஷன் கிளார்க்கும் சரி, உள்ளே வருவது ஒன்றுமில்லாதவனாகத்தான். கட்டு அவிழ்ந்ததும் எதிரில் இருப்பவர்கள் எல்லோரும் 'பிரதர்'. அதன் பிறகு மூன்று படிகள்: கற்றுக்குட்டி, கைத்தொழிலாளி, மாஸ்டர்.

பெண்களுக்கு மட்டும் கதவு திறக்காது. 'எல்லோரும் சமம்' என்ற வாசகத்தில் வீட்டிலிருக்கும் பாதிப்பேர் வரவே மாட்டார்கள் என்பதை இந்தக் கதை முழுவதும் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. இங்கிலாந்தில் பெண்களுக்கெனத் தனி லாட்ஜுகள் வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான்.

இந்தியர்களுக்கும் கதவு லேசில் திறக்கவில்லை. நவாப்புகளுக்கு எப்போதுமே சலுகை உண்டு. ஆற்காடு நவாபின் மகன் உம்தத் உல் உமரா 1770-களிலேயே நம் திருச்சியில் மேசனாகச் சேர்ந்துவிட்டார். சாதாரண ஆட்களுக்குத்தான் சிக்கல். கல்கத்தாவைச் சேர்ந்த பிரசன்ன குமார் தத் என்ற வங்காளி 1863-ல் மனுப் போட்டார். 'இந்துக்கள் பல தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள், அவர்கள் எப்படி ஒரே கடவுள் மேல் சத்தியம் செய்ய முடியும்?' என்று எதிர்ப்பு வந்தது. லண்டன் வரை போன விவகாரம். மனிதர் விடவில்லை. ஒன்பது வருடம் காத்திருந்து, 1872-ல் கல்கத்தாவின் 'ஆங்கர் அண்ட் ஹோப்' லாட்ஜில் உள்ளே நுழைந்தார். அவர் திறந்த அதே லாட்ஜின் கதவு வழியாக 1884 பிப்ரவரியில் இன்னோர் இளைஞர் நுழைந்தார். பெயர் நரேந்திரநாத் தத்தா. பின்னாளில் விவேகானந்தர்.

கிப்ளிங் சேர்வதற்கு 14 வருடங்களுக்கு முன்புதான் ஓர் இந்து இப்படிப் போராடி உள்ளே வந்தார். இந்தத் தேதியைக் கவனிக்காமல் விட்டால், கிப்ளிங் லாகூரில் பார்த்த சகோதரத்துவம் ஏதோ வெள்ளைக்காரர்கள் மனமுவந்து கொடுத்தது போலத் தெரிந்துவிடும்.

வாசலில் வாளோடு ஒருவர்

1886 ஏப்ரல் 5. லாகூரின் 'ஹோப் அண்ட் பெர்சிவரன்ஸ்' லாட்ஜ், எண் 782. 'நம்பிக்கையும் விடாமுயற்சியும்' என்று பொருள். கிப்ளிங்குக்கு 20 வயது மூன்று மாதம். விதிப்படி 21 ஆகியிருக்க வேண்டும். சிறப்பு அனுமதி வாங்கிச் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. லாட்ஜுக்கு ஒழுங்காக மினிட்ஸ் எழுத ஒரு செயலர் தேவைப்பட்டது. பையன் பத்திரிகைக்காரன், எழுதுவான் என்று கணக்குப் போட்டார்கள். 'அவர்கள் எதிர்பார்த்த நல்ல செயலர் கிடைக்கவில்லை' என்று பிற்பாடு கிப்ளிங்கே கேலியாகச் சொல்லிக்கொண்டார். ஆனாலும் எழுதினார். அதே வருடம் டிசம்பர் 6 அன்று அவர் மாஸ்டர் மேசனாக உயர்ந்த கூட்டத்தின் குறிப்பும் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. தன் கல்யாணத்துக்குத் தானே மொய் எழுதிய மாதிரி!

லாட்ஜ் கூடம் வெறிச்சென்று இருந்தது. அருங்காட்சியகக் காப்பாளரான அப்பாவைப் பிடித்து யோசனை கேட்டு, சாலமோன் மன்னரின் ஆலயம் பற்றிய பழைய வர்ணனைப்படி சுவர்களில் தொங்கவிடத் திரைச்சீலைகள் ஏற்பாடு செய்தார். பத்து மணி நேரம் புரூஃப் பார்த்துவிட்டு வரும் ஒருவர், சம்பளம் இல்லாத வேலைக்காக அப்பாவை நச்சரித்துத் திரை வாங்குகிறார் என்றால், அந்த இடம் அவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

அங்கே அவரோடு உட்கார்ந்தவர்கள் யார்? முஸ்லிம்கள், இந்துக்கள், சீக்கியர்கள், ஆரிய சமாஜத்துக்காரர்கள், பிரம்ம சமாஜத்துக்காரர்கள். பெரும்பான்மை ஆங்கிலேயர்களே. ஆனாலும் மற்றவர்கள் பின்வரிசையில் நிற்கவில்லை. 'பிரதர்' என்று விளித்துத்தான் பேச வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன் 'இந்தியன் எங்களை விசாரிப்பதா' என்று சீழ்க்கையடித்த அதே லாகூரில், ஒரு இந்திய அதிகாரி இந்த அறைக்குள் வந்தால் வெள்ளைக்காரர் அவருக்குச் சகோதரர். கூட்டம் முடிந்து படியிறங்கினால் மறுபடியும் 'சாஹிப்', 'சலாம்'.

வாசலில் உருவிய வாளோடு ஒருவர் காவல் நிற்பார். ஒட்டுக்கேட்பவர்கள் வராமல் பார்த்துக்கொள்ளும் அந்தப் பதவிக்கு 'டைலர்' என்று பெயர். லாகூர் லாட்ஜின் டைலர் ஒரு யூதர்.

ஊர் ஜனங்களுக்கு இதெல்லாம் விளங்குமா? கதவைச் சாத்திக்கொண்டு, வாளோடு காவல் வைத்து, உள்ளே என்னவோ செய்கிறார்கள். 'ஜாதூ கர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாயமந்திர வீடு! இந்தப் பெயரைக் கிப்ளிங் தன் 'கிம்' நாவலின் முதல் பக்கங்களிலேயே பதிவு செய்திருக்கிறார். அந்த நாவலில் லாகூர் தெருவில் திரியும் அநாதைப் பையன் கிம்முக்கு அப்பா விட்டுப்போன சொத்து, கழுத்துத் தாயத்துக்குள் தைத்துவைத்த சில காகிதங்கள். அதில் ஒன்று அப்பாவின் மேசன் சான்றிதழ். அப்பாவின் பழைய ரெஜிமென்ட்டில், தானும் மேசனான ஒரு பாதிரியார் அதை அடையாளம் கண்டுகொள்வதால்தான் கிம்முக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கிறது. ஓர் அநாதைக்கு ஒரு கூட்டத்தின் சீட்டு. பாலுவின் ரகசியச் சொல் இங்கே காகிதமாக வந்திருக்கிறது.

சமபந்தி மட்டும் இல்லை!

1887 நவம்பரில் கிப்ளிங் அலகாபாத்துக்கு மாற்றலாகிப் போனார். அங்கேயும் ஒரு லாட்ஜில் சேர்ந்தார். 1889-ல் இந்தியாவைவிட்டே கிளம்பிவிட்டார். லாகூர் லாட்ஜில் அவர் இருந்தது மொத்தம் 19 மாதங்கள்தான். பிற்காலத்தில் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் 'சில வருடங்கள் செயலராக இருந்தேன்' என்று சொல்லியிருக்கிறார். பொய் சொல்லும் நோக்கம் இருந்திருக்காது. நல்ல நாள்கள் ஞாபகத்தில் நீண்டுவிடும்.

அப்படி நீண்ட ஞாபகம்தான் 1890-களின் நடுவில் 'தி மதர் லாட்ஜ்' என்ற கவிதையாக வந்தது. அதில் லாகூர் இல்லை. ஏதோ ஒரு சிறிய ரயில்வே ஊர். உறுப்பினர்களில் ரயில்வே ஊழியர், சிறை அதிகாரி, பார்சிக் கடைக்காரர், இந்துக் கணக்கர், சர்வே ஆபீஸில் வேலை பார்க்கும் முஸ்லிம், ஏடன் யூதர், சீக்கியர், பட்டறையில் வேலை செய்யும் கத்தோலிக்கர். வெளியே ஒருவருக்கொருவர் சல்யூட்டும் சலாமும். உள்ளே தம்பி, அண்ணன். இப்போது தூர தேசத்தில் இருந்துகொண்டு, அந்தக் கறுப்பும் பழுப்புமான சகோதரர்களை ஒருமுறை பார்க்க மாட்டோமா என்று ஒரு சிப்பாய் ஏங்குகிறான்.

நம்மூர் வாசகர்களுக்கு அந்தக் கவிதையில் சட்டென்று தட்டுப்படும் இடம் ஒன்று உண்டு. மற்ற லாட்ஜுகளில் கூட்டம் முடிந்ததும் விருந்து நடக்கும். இங்கே நடக்காது. யாருடைய சாதி ஆசாரமாவது கெட்டுவிடக் கூடாதே என்று. பதிலாகச் சுருட்டுப் பிடித்துக்கொண்டு அவரவர் சாமியைப் பற்றி விடிய விடியப் பேசுவார்கள். ஆக, கடவுள் வரை போக முடிந்தது. சமபந்தி வரை போக முடியவில்லை. கிப்ளிங் இதை இந்தியர்கள் மேல் காட்டும் மரியாதையாக எழுதினார். இருக்கலாம். ஆனால் அந்த லாட்ஜின் எல்லை எது என்பதை அவரே தெரியாமல் காட்டிக்கொடுத்த இடமும் அதுதான்.

ஏனென்றால், இதே மனிதர்தான் 1899-ல் 'வெள்ளையனின் சுமை' பற்றிய கவிதையை எழுதினார். ஆசியர்களை ஆள்வது வெள்ளையர்களின் கடமை என்றது அது. படித்த வங்காளிகளைத் தன் கதைகளில் விடாமல் நக்கலடித்தார். லாட்ஜில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்களும் அப்படிப் படித்தவர்கள்தானே? 1919-ல், லாகூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டரே தள்ளியிருக்கும் அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. சுடச் சொன்ன ஜெனரல் டயருக்காக ஒரு லண்டன் பத்திரிகை நிதி திரட்டியபோது 26,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் பட்டியலில் கிப்ளிங்கின் பெயரும் இருந்தது.

அறைக்குள் மட்டும் செல்லும் காசு மாதிரி அவருடைய சகோதரத்துவம். கிப்ளிங்கை நேசிக்கிறவர்கள் டயரை மறைப்பார்கள். வெறுக்கிறவர்கள் லாட்ஜை மறைப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் தெரிகிறார்.

பெயர் கிடைக்காத மகன்

இங்கிலாந்து திரும்பிய பிறகு கிப்ளிங் உலகப் புகழ் பெற்றார். 1907-ல் இலக்கிய நோபல். சில லாட்ஜுகள் அவரைக் கௌரவ உறுப்பினராக்கின. ஆனால் லாகூரில் போனது போல் வாடிக்கையாகப் போகவில்லை. மேசன் கதையைப் பலமுறை எழுதினார். 'தி மேன் ஹு வுட் பி கிங்' கதையில் மேசன் சின்னத்தை வைத்தே இரண்டு முன்னாள் சிப்பாய்கள் ஒரு மலை நாட்டுக்கு ராஜாவாகிறார்கள். 1975-ல் ஷான் கானரி நடித்துப் படமாக வந்தது அதுதான்.

பிறகு முதல் உலகப் போர். ஒரே மகன் ஜானுக்குக் கண்பார்வை சரியில்லை என்று ராணுவம் நிராகரித்தது. அப்பாவைப் போலவே கண். கிப்ளிங் தன் செல்வாக்கைப் பயன்படுத்தி, தளபதி ராபர்ட்ஸ் பிரபுவிடம் சொல்லி, ஐரிஷ் கார்ட்ஸ் படையில் அவனுக்கு இடம் வாங்கிக்கொடுத்தார். 1915 செப்டம்பர் 27, பிரான்ஸின் லூஸ் போர்க்களத்தில் ஜான் காணாமல் போனான். வயது 18. உடல் கிடைக்கவில்லை. கிப்ளிங்கும் மனைவியும் உயிர் பிழைத்த வீரர்களைத் தேடித் தேடி வருடக்கணக்கில் விசாரித்தார்கள்.

1918-ல் அவர் எழுதிய ஒரு கதையில் மறுபடியும் லாட்ஜ் வந்தது. போர்க்கால லண்டனில், புகையிலைக் கடை வைத்திருக்கும் ஒரு நடுத்தர வயதுக்காரர். போரில் மகனை இழந்தவர். அவரும் நண்பர்களும் காயம்பட்டும் விடுப்பிலும் வரும் சிப்பாய்களுக்காக லாட்ஜைத் திறந்துவைக்கிறார்கள். கை போனவன், கால் போனவன், குண்டுச் சத்தத்தில் மனம் குழம்பியவன் என்று வருகிறார்கள். பழைய சடங்கின் சொற்களை எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள். பாதி மறந்துபோனவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுக்கிறார். டீ, சாண்ட்விச், புகையிலை. அவ்வளவுதான் கதை. பெரிய திருப்பம் எதுவும் கிடையாது. கிப்ளிங்கால் தன் மகனைப் பற்றி நேரடியாக எழுத முடியவில்லை. துக்கத்தைப் புகையிலைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, அவரை லாட்ஜுக்குள் அனுப்பிவைத்திருக்கிறார்.

1917 முதல் அவர் இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையத்தில் உறுப்பினர். அதன் விதி அவருக்கு ரொம்பப் பழக்கமானதாக இருந்திருக்கும்: பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி மரியாதை. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் கல்லறைக் கல் ஒரே அளவு. கல்லில் பொறிக்கும் வாசகங்களைத் தேர்ந்தெடுத்தது கிப்ளிங். அடையாளம் தெரியாத உடல்களின் கல்லில், 'இவன் யாரென்று ஆண்டவனுக்குத் தெரியும்' என்ற பொருளில் இருக்கும் வாசகம் அவர் கொடுத்ததே. ஆணையத்தில் வேலை செய்த மேசன்கள் சேர்ந்து 'அமைதி நகரங்களைக் கட்டுபவர்கள்' என்ற பெயரில் லாட்ஜ் தொடங்கியபோது அதிலும் சேர்ந்துகொண்டார். மறுபடியும் நிஜமாகவே கல் வேலை. கொத்தனார் சங்கம் தன் ஆரம்பத்துக்குத் திரும்பிய மாதிரி.

பிரான்ஸின் நவ் ஷப்பல் என்ற இடத்தில் 4,700-க்கும் அதிகமான இந்திய வீரர்களின் பெயர்களோடு நினைவிடம் 1927-ல் திறக்கப்பட்டது. ஐரோப்பாவில் விதி பெரும்பாலும் காப்பாற்றப்பட்டது. ஆப்பிரிக்காவிலும் மத்தியக் கிழக்கிலும் இல்லை. குறைந்தது 1,16,000 பேர் பெயர்கூடப் பொறிக்கப்படாமல் விடப்பட்டதாக, அந்த ஆணையத்தின் வாரிசு அமைப்பே 2021-ல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. லாகூர் லாட்ஜின் கதவு போலவேதான் இந்த விதியும்.

ஜானின் கல்லறை எது என்று கடைசிவரை அப்பாவுக்குத் தெரியாது. 1992-ல், லூஸ் அருகே பெயர் தெரியாத ஐரிஷ் கார்ட்ஸ் அதிகாரி ஒருவரின் கல்லறை ஜானுடையது என்று ஆணையம் அறிவித்தது. அது சரிதானா என்ற வாதம் பிறகும் நடந்தது. சரியென்றால், அத்தனை வருடங்கள் மகனின் தலைமாட்டில் இருந்தது அப்பா எழுதிக்கொடுத்த அந்த வாசகம்தான்.

கடைசிப் புத்தகத்தில் சில வரிகள்

1935-ல் கிப்ளிங் தன் வரலாற்றை எழுத உட்கார்ந்தார். முடிக்கவில்லை. 1936 ஜனவரி 18 அன்று இறந்துவிட்டார். கிடைத்தவரை அடுத்த வருடம் புத்தகமாக வந்தது. மகன் இறந்ததைப் பற்றி அதில் அநேகமாக ஒன்றுமே இல்லை. டயரும் இல்லை. பாகிஸ்தானில் 1972-ல் ஃப்ரீமேசன் அமைப்பு தடை செய்யப்பட்டது. லாகூர் மால் ரோட்டில் பின்னாளில் கட்டிய பெரிய மேசன் கட்டடம் அரசிடம் போனது. அந்த ஊர் லாட்ஜில் ஒரு காலத்தில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதை அறிய இன்று பழைய பதிவேடுகளையும் இந்தப் புத்தகத்தையும்தான் புரட்ட வேண்டும்.

அதில் லாட்ஜ் பற்றி இருப்பது சில வரிகள். 21 வயதுக்கு முன்பே சேர்த்துக்கொண்டார்கள், அப்பாவிடம் திரைச்சீலைக்கு யோசனை கேட்டேன், இன்னின்ன மதத்துக்காரர்களைச் சந்தித்தேன், எனக்குத் தேவைப்பட்ட இன்னோர் உலகம் அங்கே திறந்தது என்கிறார். வாளோடு வாசலில் நின்ற அந்த யூதரையும் விடவில்லை. லாகூரில் இருந்த தன் சின்னஞ்சிறு சமூகத்துக்கு அவர்தான் பூசாரி, அவர்தான் கசாப்புக்காரர் என்று எழுதியிருக்கிறார். கிட்டத்தட்ட ஐம்பது வருடங்கள் கழித்தும் அது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.